ஒன்பதாவது குடம்

சாயங்காலம் அடுப்பு பற்ற வைப்பதற்கு முன்னால் கண்ணாயி ஒரு காரியம் செய்வாள். சிறிய பித்தளைக் குடம் ஒன்றை நிரப்பி, கிணற்று மேட்டில் சுவிட்ச் பெட்டி இருந்த கல்தூணின் அடியில் வைப்பாள். ஈயத்தட்டால் மூடி, தட்டின் மேல் ஒரு கல்லும் வைப்பாள். மறுநாள் காலைவரை அதை யாரும் தொடக்கூடாது. மகன் மாதேஸ்வரனுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இது தவறியதில்லை. ஒரு முறை தலைச்சோலையிலிருந்து உறவுக்காரர்கள் நடந்தே வந்து சேர்ந்து தண்ணீர் கேட்டார்கள். கரண்டு இல்லாத நாள். வீட்டுப் பானையில் அடிமட்டம்தான் இருந்தது. கண்ணாயி மோர்ப்பானையைக் கவிழ்த்து எல்லோருக்கும் ஊற்றினாளே தவிர, கல்தூண் பக்கம் திரும்பவில்லை. குடத்தைப் பார்த்துவிட்ட மாமா ஒருவர், அது என்ன சாமிக்கு வைத்த தண்ணியா என்று கேட்டார்.

"ஆமாங்க, இரும்புச் சாமி" என்றாள் கண்ணாயி.

அந்த இரும்புச் சாமி கிணற்றுக்குள் இருந்தது. ஏற்காட்டு மலையில் நாகலூரை ஒட்டிய சரிவில் அவர்களுடைய கிணறு இருபத்தேழடி ஆழம். மேலிருந்து பத்தடியில் பாறையைக் குடைந்து ஒரு தட்டு வெட்டியிருந்தது. அதன் மேல்தான் பம்பு. சுவரில் நீட்டிக்கொண்டிருந்த படிக்கற்களில் கால் வைத்து இறங்கவேண்டும். குழாயின் அடியில் இருந்த வால்வு மணலில் தேய்ந்துபோய் தண்ணீரைப் பிடித்து வைக்காது. அதனால் ஒவ்வொரு நாளும் பம்பின் வயிற்றில் ஒரு குடம் ஊற்றி, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றினால்தான் அது கீழிருந்து தண்ணீரை இழுக்கும். புது வால்வு போட்டாலும் ஆறு மாதம் தாங்குவதில்லை. ஊற்றிய தண்ணீர் இறங்கிவிடுவதற்குள் மேலே சுவிட்ச் போட்டாகவேண்டும். அதுதான் மாதேஸ்வரனின் வேலை. இடுப்பில் குடத்தோடு அம்மா இறங்குவாள். கொஞ்ச நேரத்தில் கிணற்றுக்குள்ளிருந்து குரல் வரும்: "போடு கண்ணு." அவன் போடுவான்.

கண்ணாயி கரடியூரில் பிறந்தவள். பதினாறு வயதில் பெரியண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். ஒன்றரை ஏக்கர் காப்பி, அதில் நிழலுக்கு நின்ற மரங்களில் மிளகு, வீட்டைச் சுற்றி நாலு ஆரஞ்சு மரம். மகன் எட்டாவது படிக்கும்போது பெரியண்ணன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு கவாத்து, பழம் பறிப்பு, களத்தில் கொட்டை காயப்போடுவது எல்லாம் அவள் ஒருத்திதான். யாரிடமும் கை நீட்டமாட்டாள். ஒரு கை உப்பு வாங்கினாலும் பொழுது விழுவதற்குள் திருப்பிக் கொடுத்துவிடுவாள். அதைப் பலர் பெருமையாகச் சொன்னார்கள். கிட்ட ஒட்டமாட்டாள் என்று சொன்னவர்களும் உண்டு.

மகனைச் சேலத்தில் விடுதியில் சேர்த்து பி.எஸ்ஸி. பௌதிகம் படிக்கவைத்தாள். அவர்கள் சொந்தத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவன். தேறிவிட்டதாகத் தெரிந்த அன்று அவள் அவனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டாள். இனிமேல் கிணற்றுக்குள் இறங்கக்கூடாது. அதுவரைக்கும் விடுமுறை நாட்களில் சில சமயம் அவன் இறங்கியதுண்டு. ஒவ்வொரு தடவையும் ஐந்தாவது படியில் கால் நடுங்கும். அம்மா தடுத்தபோது அவன் பேச்சுக்குக்கூட மறுக்கவில்லை. உள்ளுக்குள் ஒரு நிம்மதி பரவியதை அவன் மறக்கவுமில்லை.

அது நடந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்திருந்தான். இரண்டு நேர்முகத் தேர்வுக்குப் போய்வந்தான். வீட்டில் ஒரு இடத்தில் உட்கார அவனால் முடியவில்லை. ஏற்காட்டிலிருந்து பஸ் வரும் சத்தம் கேட்டால் எழுந்து ரோட்டுக்குப் போவான். தபால் பை இறங்குகிறதா என்று பார்ப்பான். திரும்பி வந்து ஒரு புத்தகத்தை எடுப்பான். அடுத்த பஸ்ஸுக்கு மறுபடி போவான். கட்டிலில் மெத்தைக்கு அடியில், அடுத்த நேர்முகத் தேர்வுக்கென்று, மடிப்புக் கலையாமல் ஒரு பேண்ட் இருந்தது.

எண்பத்தைந்து ஐப்பசி மழையில் கண்ணாயி பாசிபிடித்த படியில் வழுக்கினாள். விழவில்லை. முழங்கால் மட்டும் கல்லில் அடிபட்டு வீங்கியது. பச்சிலை வைத்துக் கட்டிக்கொண்டு மூன்றாம் நாளே குடத்தோடு இறங்கினாள். மேலே சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அவள் ஒவ்வொரு படியாகக் காலை இழுத்து இறங்குவதை அவன் பார்த்தான். நான் இறங்குகிறேன் என்று ஏன் வாயில் வரவில்லை என்று அன்று முழுக்க யோசித்தான். அதற்குப் பதிலாக அவனுக்கு வேறொன்று தோன்றியது. பம்பையே மேலே கொண்டுவந்துவிட்டால் யாரும் இறங்கவேண்டியதில்லையே.

அடுத்த பங்குனியில் பழைய மோட்டார் புகைந்து நின்றது. எரிந்த கம்பிக் காயிலைத் திரும்பச் சுற்ற வேண்டாம், புதிதாகவே வாங்கிவிடலாம், கிணற்று மேட்டிலேயே வைத்துவிடலாம் என்று மாதேஸ்வரன் சொன்னான். தண்ணீர் மட்டம் அளந்தான். மேலிருந்து இருபத்தைந்தடி. சேலத்துக் கடைக்காரர், இருபத்தைந்தடியைக் கண்ணை மூடிக்கொண்டு இழுக்கும் என்றார். அவன் அதை அப்படியே நம்பிவிடவில்லை. நேர்முகத் தேர்வுக் கடித உறையின் பின்பக்கத்தில் தானே கணக்குப் போட்டான். குழாயில் தண்ணீரை மேலே தள்ளுவது வெளியே இருக்கும் காற்றின் அழுத்தம்தான்; அது எழுபத்தாறு சென்டிமீட்டர் பாதரசம். அதைத் தண்ணீருக்கு மாற்றினால் முப்பத்து நாலடி. இருபத்தைந்து போக, உராய்வுக்கும் மற்றதுக்கும் ஒன்பதடி மிச்சம்.

பம்பு மாட்ட வந்தவர் கிறிஸ்துதாஸ். சேலத்திலிருந்து வந்து ஏற்காட்டில் கடை போட்டு ஒரு வருடம்கூட ஆகாதவர். கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, தட்டு இருக்கிறதே, பம்பு அங்கேயே இருக்கட்டுமே என்று இழுத்தார். மாதேஸ்வரன் உறையைக் காட்டி விளக்கினான். அவர் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் தலையாட்டினார். கண்ணாயி கையில் காப்பி டம்ளரோடு நின்று அந்த உறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தது போல இருந்தது. பிறகு டம்ளரை அவரிடம் நீட்டிவிட்டு உள்ளே போனாள்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் குழாய் இறக்கி முடித்தார்கள். கல்தூணடிக் குடத்தை எடுத்து ஊற்றினார்கள். மாதேஸ்வரன் சுவிட்ச் போட்டான். புதுப் பம்பு சீராகச் சுற்றியது. நாலு வாய் தண்ணீரைத் துப்பியது. பிறகு வெறும் காற்று.

குழாய் இணைப்பின் மரையில் எங்கோ காற்று வாங்குகிறது என்றார் கிறிஸ்துதாஸ். குழாயைக் கழற்றி, சணலைப் புதிதாகச் சுற்றி, வெள்ளைப் பசை தடவி, மறுபடி முடுக்கினார். கழற்றியதும் உள்ளே இருந்த தண்ணீர் எல்லாம் போய்விட்டது. இன்னொரு குடம் வேண்டும். கிணற்றில் வாளி விடக்கூடாது என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். இரண்டடித் தண்ணீர்தான் கிடந்தது. வாளி பட்டால் சேறு கலங்கி, புது வால்வில் மண் ஏறிவிடும். அவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு வேலியைத் தாண்டி நேராகக் கீழ்வீட்டுக்குப் போனார்.

கீழ்வீடு மரியபுஷ்பத்தினுடையது. புருஷன் இல்லாதவள். எஸ்டேட் குடோனில் காப்பிக்கொட்டை பொறுக்குகிறவள். அவளுக்கும் கண்ணாயிக்கும் ஆறு வருடமாகப் பேச்சில்லை. எல்லையில் நின்ற சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக்கொடி யாருக்கு என்பதில் வந்த சண்டை. கிறிஸ்துதாஸுக்கு அதெல்லாம் தெரியாது. அவருக்கு அவளை மாதா கோயிலில் பழக்கம். பூசைக்குப் போனால் பார்த்துக்கொள்கிறவர்கள். கேட்டார், அவள் கொடுத்தாள்.

குடம் வந்தபோது கண்ணாயிக்கு முகம் மாறிப்போனது. யாரைக் கேட்டு வாங்கினீர்கள் என்று கேட்டாள். அதற்குள் அவர் பாதியை ஊற்றிவிட்டிருந்தார். அன்று பொழுதுக்குள் தண்ணீர் ஏறியதும் முதல் குடத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று அவள் தன்னையே தேற்றிக்கொண்டது மாதேஸ்வரனுக்குத் தெரிந்தது.

தண்ணீர் ஏறவில்லை. ஒவ்வொரு இணைப்பாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு பிரிப்புக்கும் ஒரு குடம். மூன்றாவது குடத்திலிருந்து மரியபுஷ்பமே தூக்கிவந்து வேலி ஓரத்தில் வைத்துவிட்டுப் போனாள். யாரையும் பார்க்கவில்லை, எதுவும் பேசவில்லை. எஸ்டேட் லயன் வீடுகளின் குழாயில் ஒன்று விட்டு ஒரு நாள் ஒரு மணி நேரம் வரும் தண்ணீரை அரை மைல் நடந்து பிடித்து, இரண்டு டிரம்மில் சேர்த்து வைத்திருக்கிறவள். சாயங்காலத்துக்குள் ஒன்பது குடம் வந்திருந்தது. ஒன்பதாவதை வைக்கும்போது அவள் முந்தானை நனைந்திருந்தது. டிரம்மைச் சாய்த்து மொண்டிருக்கவேண்டும்.

பம்பு சுற்றியது. நாலு வாய் துப்பியது. காற்று.

கிறிஸ்துதாஸ் கையைத் துடைத்துக்கொண்டு, பம்பிலேயே ஏதோ குறை இருக்கிறது, கடையில் கொண்டுபோய்க் காட்டுங்கள் தம்பி என்றார். மாதேஸ்வரனுக்கு உயிர் வந்தது போல இருந்தது. தப்பு கடைக்காரர் மேல்தான். அப்படித்தான் இருக்கவேண்டும்.

திங்கட்கிழமை காலை பம்பைச் சாக்கில் கட்டி, பஸ்ஸில் கடைசி சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்தான். கடைக்காரரிடம் என்னென்ன கேட்கவேண்டும் என்று மனதுக்குள் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டே வந்தான். கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பித்தன. பாதி மலை இறங்குவதற்குள் எப்போதும் போலக் காது அடைத்தது. எப்போதும் போல எச்சில் விழுங்கினான். காது திறந்துகொண்டது. இன்னும் நாலு வளைவில் மறுபடி அடைத்தது. முன் சீட்டில் ஒரு கைக்குழந்தை காதைப் பிடித்துக்கொண்டு அழுதது. அதன் அம்மா, கீழே போனால் சரியாகிவிடும் கண்ணு என்று முதுகைத் தட்டினாள்.

கீழே போனால் சரியாகிவிடும்.

சின்ன வயதிலிருந்து எத்தனை முறை இந்த ரோட்டில் காது அடைத்திருக்கிறது. மேலே காற்று லேசு, கீழே கனம். எழுபத்தாறு என்பது கடற்கரை ஊர்க்காரன் அளந்த எண். ஏற்காடு நாலாயிரத்துச் சொச்சம் அடி உயரம் என்று மூன்றாம் வகுப்பில் மனப்பாடம் செய்தவன், மலையிலேயே பிறந்து வளர்ந்தவன், தன் வீட்டுக் கிணற்றுக்குக் கணக்குப் போடும்போது யாருடைய ஊர்க் காற்றையோ எடுத்துப் போட்டிருந்தான். ஏழில் ஒரு பங்கு காற்றே அங்கே இல்லை. காகிதத்திலேயே இருபத்தொன்பதடிதான் தேறும். பம்பும் குழாயும் விழுங்கியது போக நடைமுறையில் இருபதடி வந்தால் பெரிது.

அப்போதே இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை. கடைவரைக்கும் போனான். கடைக்குப் பின்னாலிருந்த கிணற்றில் கடைக்காரர் அதே பம்பை, அதே இருபத்தைந்தடியில் ஓட்டிக் காட்டினார். தண்ணீர் கையளவு தடிமனில் கொட்டியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு நின்றபோது, பம்பு பழுதாக இருக்கவேண்டும் என்று இவ்வளவு தூரம் வேண்டிக்கொண்டே வந்திருக்கிறோம் என்பது அவனுக்குக் கூச்சமாக இருந்தது. என்ன தம்பி, எதாவது குறையா என்று கடைக்காரர் கேட்டார். ஒன்றுமில்லை என்று சாக்கைக் கட்டினான்.

வழியெல்லாம் ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டுதான் மலையேறினான். கடையில் ஏதோ சரி செய்தார்கள், இருந்தாலும் தட்டிலேயே வைக்கச் சொன்னார்கள். அவ்வளவு போதும். அம்மா அதற்கு மேல் கேட்கமாட்டாள். வீட்டுக்கு வந்தபோது அவள் களத்தில் மிளகு அள்ளிக்கொண்டிருந்தாள். முழங்காலை நீட்டி வைத்து உட்கார்ந்திருந்தாள். தயார் செய்து வைத்திருந்த பொய் வாயில் வரவில்லை.

பம்பில் குறையில்லை, என் கணக்குத்தான் தப்பு என்றான். காற்றைப் பற்றி, மலையைப் பற்றி, காது அடைப்பதைப் பற்றியெல்லாம் சொன்னான். அவள் மிளகை அள்ளுவதை நிறுத்தவில்லை.

"உங்கப்பனும் மொதல்ல மேலதான் கண்ணு வெச்சாரு" என்றாள். "இழுக்கலை. அப்பறந்தான் பாறைய ஒடைச்சுத் தட்டு வெட்டுனது. கல்லெல்லாம் நான்தான் அள்ளிக் கொட்டுனேன்."

"ஏம்மா அன்னிக்கே சொல்லலை?"

"நீ காயிதத்துல கணக்குப் போட்டுச் சொன்னே. அதுக்கு மேல நான் என்னத்தச் சாமி சொல்றது?"

குத்திக் காட்டவில்லை. அவள் குரலில் அப்படி எதுவும் இல்லை. அதுதான் அவனை வெகுநாள் தூங்கவிடாமல் செய்தது. அவனைப் படிக்கவைத்தவள், அவன் படித்ததாலேயே வாயை மூடிக்கொண்டாள். நாற்பது வருடத்துக்கும் மேல் மலையில் வாழ்ந்த ஒருத்தியின் அனுபவத்தை ஒரு உறையின் பின்பக்கம் அடக்கிவிட்டது. கல்லூரியில் மூன்று வருடம் என்ன கற்றுக்கொண்டோம் என்று கேட்டுக்கொண்டால், பதில் நல்லதாக வரவில்லை.

மறுநாள் கிறிஸ்துதாஸை வரவழைத்துப் பம்பைத் தட்டில் இறக்கினார்கள். ஒரே குடம். ஒரே தடவை. தண்ணீர் ஏறியது. அந்தக் குடத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கியவன் மாதேஸ்வரன். அவள் தடுத்தாள், அவன் கேட்கவில்லை. ஐந்தாவது படியில் கால் நடுங்கியது. நடுக்கத்தோடேயே இறங்கி, ஊற்றி, மூடியை முடுக்கிவிட்டு, "போடும்மா" என்று கத்தினான்.

அன்றே கண்ணாயி கடனை அடைக்கக் கிளம்பினாள். மகன் தூக்கிக் கொடுப்பதை ஏற்கவில்லை. தானே ஒவ்வொரு குடமாக இடுப்பில் வைத்துக் காலை இழுத்து இழுத்து வேலியைத் தாண்டிப் போனாள். எட்டுக் குடத்தையும் மரியபுஷ்பம் டிரம்மில் ஊற்றிக்கொண்டாள். ஒன்பதாவது குடத்தோடு போனபோது டிரம்மின் மூடியைப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"இது கெடக்கட்டுமுங்க அக்கா. எல்லாத்தையும் தீத்துட்டா நீங்க மறுபடி வேலிய அடைச்சுட்டுப் போயிருவீங்க."

"என்னையக் கடன்காரியாச் சாகச் சொல்றியா புஷ்பம்?"

"சாகறப்பப் பாத்துக்கலாமுங்க. இப்ப உக்காருங்க, காப்பி வெக்கறேன்."

அதற்குப் பிறகு அது ஒரு வழக்கமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மரியபுஷ்பம் கோயிலிலிருந்து வந்ததும் கண்ணாயி குடத்தோடு கிளம்புவாள். ஒரு மணி நேரம் கழித்து அதே குடத்தோடு திரும்பி வருவாள். அவ இன்னிக்கும் வாங்கலை என்று முணுமுணுப்பாள். மிளகுக்கொடியைப் பற்றி இருவரும் என்ன முடிவு செய்தார்கள் என்று அவனுக்குத் தெரியாது. அந்த வருடம் பாதி மிளகு கீழ்வீட்டுக் களத்தில் காய்ந்தது.

இரண்டு வருடம் மாதேஸ்வரன் தினமும் இறங்கினான். எண்பத்தெட்டில் ஆத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக ஆசிரியர் வேலை கிடைத்தது. வெள்ளிக்கிழமை ஊருக்கு வந்து திங்கள் விடியலில் போகவேண்டும். வாரநாளில் கிணற்றுக்கு என்ன செய்வாய் என்று கேட்டான். சனி, ஞாயிறு ஏற்றி வைப்பதே போதும், தொட்டியில் கிடக்கும் என்று அவள் சொன்னாள். போதாது என்று அவனுக்குத் தெரியும். நம்பிக்கொண்டான்.

ஒரு புதன்கிழமை பள்ளிக்கு விடுமுறை விட, சொல்லாமல் கொள்ளாமல் காலை பஸ்ஸில் வந்து இறங்கினான். வேலிப்பக்கம் வரும்போதே கிணற்றுக்குள்ளிருந்து குரல் கேட்டது.

"போடு புஷ்பம்."

சில்வர் ஓக் மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தான். கல்தூணுக்குப் பக்கத்தில், அவன் இத்தனை வருடம் நின்ற இடத்தில், குடோன் வேலைக்குப் போகும் சேலையோடு மரியபுஷ்பம் நின்றிருந்தாள். சுவிட்ச் போட்டாள். பிறகு கிணற்று விளிம்பில் மண்டியிட்டுக் கையை நீட்டினாள். அம்மாவின் தலை மேலே வந்தது. இருவரும் எதற்கோ சிரித்தார்கள். அவன் உள்ளே போகவில்லை. ரோட்டுக்குத் திரும்பிப் போய், அடுத்த பஸ் வந்துபோகும்வரை நின்றிருந்துவிட்டு, அதில் வந்தவன் போல வீட்டுக்கு வந்தான். வேலையை விட்டுவிடலாமா என்று நினைத்தான். விடவில்லை. ஏன் விடவில்லை என்பதற்கு அவனிடம் பல காரணங்கள் இருந்தன. அவை எல்லாம் நியாயமானவையாகவும் இருந்தன. அதுதான் அவனை உறுத்தியது.

தொண்ணூறு மார்கழியில் கண்ணாயிக்கு நெஞ்சுச் சளி கட்டியது. ஆஸ்பத்திரியில் ஐந்து நாள். ஆறாம் நாள் இல்லை. அவள் கிணற்றில் விழுந்துவிடுவாள் என்று அத்தனை வருடம் பயந்தவனுக்கு, அவள் கட்டிலில் படுத்தபடி போனதை எப்படி எடுத்துக்கொள்வது என்று புரியவில்லை.

காரியங்கள் முடிந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கல்தூணடியில் குடம் காலியாக இருந்தது. வீட்டுப் பானையிலிருந்து அதை நிரப்பிக்கொண்டு அவன் இறங்கினான். சுவிட்ச் போட மேலே ஆள் இல்லாததால், ஊற்றிவிட்டு ஓட்டமாக ஏறி வந்து போட்டான். முதல் தண்ணீரை அந்தக் குடத்தில் பிடித்து, இடுப்பில் வைக்கத் தெரியாமல் தோளில் தூக்கிக்கொண்டு வேலியைத் தாண்டினான்.

மரியபுஷ்பம் வாசலிலேயே நின்றிருந்தாள். அன்று அவள் பூசைக்குப் போகவில்லை. குடத்தைப் பார்த்தாள். டிரம்மின் மூடியைத் திறக்க அவன் குனிந்தபோது அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சின்னம்மா, அந்த ஒன்பதாவது" என்றான் அவன்.

"தெரியுது சாமி. ஆனா இது நீ குடுக்கறதில்ல. உங்கம்மா குடுக்க வேண்டியது."

அவன் குடத்தோடு திரும்பினான். கீழே கொட்டவும் மனமில்லை, வீட்டுப் பானையில் ஊற்றவும் மனமில்லை. கல்தூணடியில் வைத்து, தட்டால் மூடி, கல்லை வைத்தான். மறுநாள் ஆத்தூருக்குப் போகவேண்டியவன் போகவில்லை. காலையில் குடத்தைத் தூக்கிக்கொண்டு படியில் கால் வைக்கும்போது, மேலே சுவிட்ச் பெட்டிக்குப் பக்கத்தில் காலடிச் சத்தம் கேட்டது. யார் என்று அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. இறங்கி, ஊற்றி, மூடியை முடுக்கிவிட்டு, "போடுங்க சின்னம்மா" என்றான்.

அந்த ஒரு குடம் இன்னும் பாக்கியாகவே இருக்கிறது.